மின்வண்டிக் கலமும் கணிப்பொறிக் கணக்கும்

சென்ற கோடையில் எம் தந்தையார் மின்சாரத்தால் இயங்கும் இருசக்கர வண்டி ஒன்று வாங்கினார். எம் இல்லம் கோயமுத்தூர் நகரின் வடபால், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஒரு சிறு தெருவில் உள்ளது. வண்டி வந்த அன்றே இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. இரவில் அதனைக் கூடத்தில் நிறுத்தி மின்னேற்றலாம் என்பது தந்தையார் கருத்து. தெருவில் நிறுத்தினால் களவு போகும் என்பது அவர் காட்டிய காரணம். பிள்ளைகள் உறங்கும் வீட்டினுள் அஃது இரவு முழுதும் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கத் தாம் ஒருப்படுவதில்லை என்று அன்னையார் உறுதியாக நின்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. யாமோ தமிழ் பயில்வோர், மின்னியல் அறியோம். எனினும் இவ்வழக்கிற்கு முடிபு காணும் வேட்கையால், பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரை அடுத்துக் கேட்டும், அவர் கணிப்பொறியிற் காட்டியவற்றைக் கண்டும், பின்னர் யாமே தாளிற் கணக்கிட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அன்னையாரின் அச்சம் காரணமற்றதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வேலூரில் ஒரு வீட்டில் இரவு மின்னேற்ற வைத்திருந்த மின்வண்டி தீப்பற்றிற்று. எழுந்த புகையில் மூச்சுத் திணறித் தந்தை ஒருவரும் பள்ளிச் சிறுமியாகிய அவர் மகளும் உயிர் நீத்தனர். அந்நாட்களிலேயே நாட்டின் பிற இடங்களிலும் மின்வண்டிகள் எரிந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மத்திய அரசாங்கம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து ஆராய நேர்ந்தது. நாளிதழில் வந்த வேலூர்ச் செய்தியை எம் அன்னையார் இன்றுவரை மறந்திலர்.

கொங்கு நாட்டுக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்தது. அதன்பின் இந்நாட்டில் ஆலைகள் பெருகின. கிணறுதோறும் மின் இறைப்பி வந்தது. மின்வண்டித் தொழிலிலும் இந்நகர் பிற்பட்டதன்று. 2008ஆம் ஆண்டிலேயே ஹேமலதா அண்ணாமலை என்னும் அம்மையார் கோயமுத்தூரில் ஆம்பியர் என்னும் மின்வண்டி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயினும் கம்பி வழியே வரும் மின்சாரம் வேறு. பெட்டியுள் அடைத்து நம்மோடு ஊர்ந்து திரியும் மின்சாரம் வேறு. முன்னதைப் பொத்தானை அமர்த்தி நிறுத்திவிடலாம். பின்னதன் உள்ளே ஆற்றல் எஞ்சியே நிற்கும்.

இனி, பேட்டரி என்று உலகவழக்கில் வழங்கும் அம்மின்கல அடுக்கின் உள்ளமைப்பைக் காண்போம். இன்றைய வண்டிகளிற் பயன்படுவது லிதியம் அயனிக் கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனத்தார் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். இதற்கு அடிகோலிய குடினப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019ஆம் ஆண்டில் இரசாயனத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. மெல்லிய செப்புத் தகட்டின்மேற் பூசிய கிராபைட்டுக் கரி ஒரு முனை. அலுமினியத் தகட்டின்மேற் பூசிய உலோக ஆக்ஸைடு மறு முனை. இரண்டிற்கும் இடையே, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு. இம்மூன்றையும் நனைத்து நிற்பது லிதிய உப்புக் கரைந்த ஒரு திரவம். அது நீர் அன்று. தீப்பற்றும் இயல்புடைய கரிமத் திரவம் என்பதை நினைவிற் கொள்க. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் தாளின் துளைகளூடே சென்று கரியினுட் புகுந்து தங்கும். வண்டி ஓடும்போது மீண்டு வரும். இங்ஙனம் சுருட்டப்பட்ட கலம், நம் கட்டைவிரலினும் சற்றுப் பெரிய உருளை. ஒரு வண்டியின் அடுக்கில் இத்தகைய உருளைகள் பல நெருங்கி நிற்கும். 3 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டின், 3 ஆம்பியர் மணி கொள்ளும் உருளைகள் ஏறக்குறைய 280 தேவைப்படும்.

இக்கலங்கள் ஏன் சூடாகின்றன? உள்ளே மின்சாரம் ஓடுதற்கு எதிர்ப்பு இருத்தலின் சூடாகின்றன. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் பிறக்கும் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்பது பள்ளியிற் கற்ற ஜூல் விதி. ஒரு கலத்தின் உள்தடை 0.05 ஓம் எனக் கொள்வோம். சமநிலத்தில் மெல்ல ஓடும்போது 2 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் 0.2 வாட், ஏற்றத்தில் 6 ஆம்பியர் பாய்ந்தால் 1.8 வாட். ஓட்டம் மும்மடங்காக, வெப்பம் ஒன்பது மடங்காயிற்று. இரசாயன மாற்றத்தால் எழும் வெப்பம் இதனோடு சேர்தலும் குறைதலும் உண்டு. அதனை இங்கே விடுத்துச் செல்கின்றோம்.

நண்பர் கணிப்பொறியைத் திறக்குமுன், அது செய்வது இன்னதென்று அறியும்பொருட்டு எம்மையே தாளும் எழுதுகோலும் எடுக்கச் செய்தார். 45 கிராம் எடையுள்ள கலம் ஒன்று. அதனை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 45 ஜூல் வெப்பம் வேண்டும். 1.8 வாட் வீதம் ஒரு நிமிடத்திற் பிறக்கும் வெப்பம் 108 ஜூல். ஆகவே வெப்பம் சிறிதும் வெளியேறாதாயின் நிமிடத்திற்கு 2.4 டிகிரி ஏறும். ஆயின் புறத்தே உள்ள காற்று வெப்பத்தைக் கொண்டு போகும். கலம் காற்றைவிட எத்தனை டிகிரி மிக்கிருக்கின்றதோ அதற்குத் தக்கபடி, டிகிரி ஒன்றுக்கு 0.042 வாட் வீதம் அது வெளியேறும் எனக் கொண்டோம். இவ்வளவே விதி: இந்நிமிடத்துச் சூட்டோடு பிறந்த வெப்பத்தைக் கூட்டி, போன வெப்பத்தைக் கழித்தால், அடுத்த நிமிடத்துச் சூடு வரும். வரவு செலவு எழுதுவது போன்ற கணக்கே இது.

பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இருவரைச் சுமந்து ஏறும் வண்டியை மனத்திற் கொண்டு, கோடைக்காலத்து நண்பகற் சூடு 40 டிகிரி சென்டிகிரேடு எனத் தொடங்கினோம். முதல் நிமிட முடிவிற் கலத்தின் சூடு 42.4 டிகிரி. இரண்டாம் நிமிடத்தில் ஏறக்குறைய 0.1 வாட் வெளியேற, எஞ்சிய 1.7 வாட்டால் 44.7 ஆயிற்று. ஐந்தாம் நிமிடத்தில் 50.7, பத்தாம் நிமிடத்தில் 58.8, பதினோராம் நிமிடத்தில் 60 டிகிரியைக் கடந்தது. இத்தகைய கலங்களைப் பயன்படுத்துதற்கு மேலெல்லை என்று பெரும்பாலும் குறிக்கப்படுவது இந்த 60 டிகிரியே. பின்னர், காற்றின் சூடு 25 டிகிரி என மாற்றி அதே கணக்கை மீண்டும் செய்தோம். 60 டிகிரியை எட்ட 30 நிமிடம் ஆயிற்று. அதற்குள் கலத்தின் மின்சாரமே தீர்ந்துவிடும். குளிர்ந்த நாட்டிலே எல்லையைத் தொடாமலே பயணம் முடிக்கும் அதே கலம், நம் ஈரோட்டு வெயிலில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே எல்லையைத் தாண்டுகின்றது. வண்டியும் ஒன்று, கலமும் ஒன்று, ஊர் வேறாயிற்று. இதனைக் கண்டபோது எமக்குத் திடுக்கென்றது.

கணிப்பொறி செய்வதும் இக்கணக்கின் வளர்ச்சியே. யாம் கலம் முழுதையும் ஒரே சூடுடையதாகக் கொண்டோம்; அது கலத்தை ஆயிரக்கணக்கான நுண்கூறுகளாகப் பகுத்து ஒவ்வொன்றற்கும் வரவு செலவு எழுதுகின்றது. யாம் நிமிடந்தோறும் நடந்தோம். அது நொடியினும் சிறிய அடி வைத்து நடக்கின்றது. தடையை மாறாததாகக் கொண்டோம். அதுவோ அயனிகள் திரவத்திலும் கரியிலும் ஊர்ந்து செல்லும் விதத்தையே கணக்கிட்டுத் தடையைத் தானே காண்கின்றது. இதற்குரிய கணித அமைப்பை, 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரத்துப் பேராசிரியர் ஜான் நியூமன், டாயில், புல்லர் என்பார் இருவரோடு வெளியிட்டனர். இன்றும் இத்துறையில் அதுவே மூலநூல் போல் மதிக்கப்பெறுகின்றது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பதை மகிழ்ச்சியோடு குறிக்கின்றோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் காரைக்குடியில் நேரு பெருமானார் அடிக்கல் நாட்ட எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அங்கே பயின்று 1997ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற வெங்கட் சுப்பிரமணியன் என்பார் பின்னர் அமெரிக்காவிற் பேராசிரியராகி, நியூமன் வகுத்த நீண்ட சமன்பாடுகளை மிக விரைவிற் செய்து முடிக்கத்தக்க வடிவிற் சுருக்கியமைக்கும் முறைகளை ஆராய்ந்தார். விரைவு ஏன் வேண்டும் என்பார்க்கு விடை இது: வண்டியின் அடுக்கினுள் கலங்களைக் காக்கும் சிறு மின்னணுப் பலகை ஒன்று உண்டு, அது வண்டி ஓடும்போதே கணக்கிட்டு, ஆபத்து நேருமுன் மின்னோட்டத்தைக் குறைத்தல் வேண்டும். தீப்பற்றிய பின் வரும் சரியான விடையால் யாது பயன்?

நிற்க. இதுவரை கூறியது பயன்பாட்டிற் பிறக்கும் சாதாரணச் சூடு. தீ மூளுவதற்குக் காரணம் வேறொன்று. நம் நூலாலைகளிற் பணிபுரிவோர், எண்ணெய் தோய்ந்த பஞ்சுக் கழிவைக் குவித்து வைத்தல் ஆகாது என்பதை நன்கு அறிவர். எவரும் நெருப்பிடாமலே, எண்ணெய் காற்றோடு கலந்து மெல்லச் சூடாகும். குவியலின் நடுவே சூடு வெளியேற வழியின்றி மிகும். மிக்க சூடு அம்மாற்றத்தையே மேலும் விரைவாக்கும். முடிவில் குவியல் தானே பற்றியெரியும். மின்கலத்தில் நிகழ்வதும் இதன் இனமே. இதன் கணிதத்தை 1928ஆம் ஆண்டிலேயே ருஷிய நாட்டு அறிஞர் செமனாவ் விளக்கியுள்ளார். வெப்பம் வெளியேறுவது தனிவட்டி போன்றது. சூடு ஏறும் அளவிற்கு நேர்விகிதமாகவே மிகும். வெப்பம் பிறப்பதோ கூட்டுவட்டி போன்றது. ஏறியதன்மேல் ஏறிப் பெருகும். ஓரெல்லை வரை தனிவட்டி முந்தி நின்று காக்கும்; எல்லை கடந்தால் கூட்டுவட்டியை எந்நாளும் எட்டிப் பிடிக்க இயலாது. இதனையே வெப்பம் கட்டுமீறல் என்பர்.

கட்டுமீறலின் படிகள் ஆராய்ந்து அறியப்பட்டுள்ளன. 80 முதல் 120 டிகிரி அளவிற் கரியின்மேற் படிந்து காக்கும் மென்படலம் சிதையத் தொடங்கி வெப்பம் உமிழும். 130 டிகிரியை அடுத்துப் பாலிஎத்திலீனால் ஆன இடைத்தாள் உருகும். உருகின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு உள்ளேயே குறுக்கோட்டம் நிகழும். 200 டிகிரி அளவில் சிலவகை உலோக ஆக்ஸைடுகள் பிராணவாயுவை வெளிவிடும். எரிபொருளாகிய திரவம் அங்கே உண்டு. எரிப்பதற்குரிய பிராணவாயுவும் உள்ளேயே பிறந்துவிட்டது. ஆதலாற்றான் இத்தீயை மூடியணைத்தல் அரிது. மிகுந்த நீரூற்றிக் குளிர்வித்தலே வழியாகின்றது. இரும்புப் பாஸ்பேட்டினாலாகிய கலங்கள் இத்துணை எளிதிற் பிராணவாயுவை விடா. வெப்பமும் குறைவாகவே உமிழும். எனினும் அவற்றின் திரவமும் எரியக்கூடியதே. ஆகவே அவையும் முற்றும் தீங்கற்றவை என்றல் பொருந்தாது. எரியும் கலம் வெளிவிடும் ஆவியில் கார்பன் மோனாக்ஸைடு முதலிய நச்சுகள் உண்டு. தீ தீண்டாதாரையும் புகை கொல்லும் என்பதை வேலூர் நிகழ்ச்சி காட்டிற்று.

ஒரு கலம் கட்டுமீறினால் அதன் சூடு அண்டையிலுள்ள கலங்களைத் தாக்கும். அவையும் எல்லை கடந்தால், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கு முழுதும் அழியும். நெருங்கிய தெருவில் ஓர் ஓலைக்கூரை பற்றினாற் போன்றது இது. இங்கேதான் கணிப்பொறியின் உதவி பெரிதாகின்றது. கலங்களுக்கிடையே விடவேண்டிய வெளி எத்துணை மில்லிமீட்டர்? அவ்வெளியிற் காற்றை விடலாமா, வெப்பம் கடத்தாத தகடு வைக்கலாமா, உருகும்போது வெப்பத்தை உள்வாங்கும் மெழுகை நிரப்பலாமா, அடியிற் குளிர்நீர் ஓடும் தகடு அமைக்கலாமா? நடுவிலுள்ள கலம் பற்றின் யாது நிகழும்? மூலையிலுள்ளது பற்றின் யாது? ஒவ்வொரு வினாவிற்கும் மெய்யான அடுக்கு ஒன்றை எரித்துப் பார்ப்பதாயின் பொருளும் காலமும் போதா. அருகிருப்பார்க்கும் ஊறு நேரும். கணிப்பொறியிலோ ஆயிரம் அடுக்குகளை எரித்தாலும் ஒரு புகைக்கீற்றும் எழாது. நண்பர் எமக்குக் காட்டிய படத்தில், நடுக்கலம் செந்நிறமாகி, பின் அண்டையிலுள்ள ஆறும் மஞ்சளாகிச் சிவந்தன. இடைவெளியைச் சிறிதே மிகுத்து மறுமுறை ஓட்டினார். நடுக்கலம் மட்டும் சிவந்து அடங்கிற்று. இத்தகைய கணக்குகளைச் செய்யும் மென்பொருள்கள் சில யாவர்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. பைபாம் என்பது அவற்றுள் ஒன்று. எளிய கல்லூரி மாணவரும் இதில் முயலலாம்.

இம்முறைக்குத் தமிழில் உருவகப்படுத்தல் என்று பெயர் வழங்குகின்றனர். தமிழ் மாணவராகிய எமக்கு இப்பெயர் ஒரு சிந்தனையை எழுப்பிற்று. உவமையாவது இரு பொருள்களை ஒப்பிடினும் அவற்றின் வேற்றுமையை மறவாதது. உருவகமாவது அவ்வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றெனவே கூறுவது. தண்டியலங்காரம் பயின்றார் யாவரும் இதனை அறிவர். முகம் மதி போன்றது என்பார், முகத்தில் மதியின் களங்கம் இல்லை என்பதை மறந்திலர். முகமதி என்றபின் அந்நினைவு மங்கிவிடுகின்றது. கணிப்பொறியிலுள்ள கலம் மெய்க்கலத்திற்கு உவமையே. அதுவும் ஒருபுடை உவமையே. நாம் எந்தப் பண்புகளை எழுதினோமோ அவற்றில் மட்டும் ஒக்கும், எழுதாதவற்றில் ஒவ்வாது. பெயர் உருவகமாக இருப்பினும், அதனை உவமையாகவே கொண்டு பயன்படுத்துவார்க்குத் தீங்கில்லை. ஒன்றெனவே மயங்குவார்க்குத் தீங்குண்டு.

இதற்குச் சான்று வானூர்தியுலகில் உண்டு. போயிங் 787 என்னும் பெருவிமானத்தில் லிதியம் அயனிக் கலங்களை அமைத்தபோது, ஒரு கலம் உள்ளே பழுதுபட்டாலும் அத்தீங்கு அடுத்த கலத்திற்குப் பரவாது என்ற கொள்கையின்மேல் பாதுகாப்பு ஆராயப்பட்டிருந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பாஸ்டன் நகரத்து விமான நிலையத்தில் நின்றிருந்த அவ்வகை விமானம் ஒன்றின் மின்கல அடுக்கு எரிந்தது. ஒரு கலத்தின் கேடு ஏனையவற்றிற்கும் பரவிற்று. அத்திங்களிலேயே உலகெங்கும் அவ்வகை விமானங்கள் பறவாமல் நிறுத்தப்பட்டன. அங்கே பிழைத்தது கூட்டலும் கழித்தலும் அல்ல, கொள்கையே பிழைத்தது. வித்துப் பொய்த்தபின் உழவு செவ்விதாயினும் விளைவு ஏது?

ஆகவே கணக்கின் மெய்ம்மை, அதனுள் இடும் அளவுகளின் மெய்ம்மையைப் பொறுத்தது. யாம் தாளிற் செய்த சிறு கணக்கிலேயே, காற்றின் சூட்டை 25 என்பதற்கு 40 என மாற்றியவுடன் விடை எங்ஙனம் புரண்டது என்பதை மேலே கண்டோம். பிறநாட்டுத் தட்பத்திற்கேற்ப எழுதிய அளவுகளை அப்படியே கொணர்ந்து கரூர், ஈரோட்டுக் கோடைக்குப் பொருத்துதல் ஆகாது. நம் வெயிலில் நின்ற வண்டி, நம் மேடுபள்ளங்களிற் குலுங்கிய கலம், மழைநீரில் நனைந்த இணைப்பு, பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த கலம் ஆகியவற்றை நாமே அளந்து எழுதுதல் வேண்டும். இறைப்பியும் மின்மோட்டாரும் தாமே செய்து பழகிய கோவை மக்கட்கு இவ்வளவைத் தொழில் அரிதன்று.

கணக்கோடு மெய்ச்சோதனையும் இணைதல் வேண்டும் என்பதை அரசாங்கமும் ஏற்றுள்ளது. 2022ஆம் ஆண்டின் தீ நிகழ்ச்சிகளுக்குப் பின், மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏ.ஐ.எஸ். 156 என்னும் விதிகளைத் திருத்தி, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாளிலும் 2023ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாளிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கலங்களுக்கிடையே போதிய வெளி வேண்டும். உட்சூடு மிகின் ஒலியாலும் ஒளியாலும் எச்சரித்தல் வேண்டும். ஒரு கலத்தை வேண்டுமென்றே கட்டுமீறச் செய்து, தீங்கு பரவுகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். கணிப்பொறி ஆயிரம் வழிகளில் நல்ல வழி இதுவெனக் காட்டும்; அவ்வழி மெய்யே நல்லதா என்பதை இறுதியில் நெருப்பே கூறவேண்டும்.

இனி எம் இல்லத்து வழக்கிற்கு வருவோம். யாம் எழுதிய கணக்குத்தாளை இருவர் முன்னும் விரித்து வைத்தோம். அதிற் பின்னும் ஒரு செய்தி கிடைத்தது. ஏற்றத்தில் 15 நிமிடம் ஓடி 65 டிகிரியை நெருங்கிய தனிக்கலம், 40 டிகிரிக் காற்றில் ஓய்ந்து, மின்னேற்றத்திற்குப் பெரும்பாலும் குறிக்கப்படும் எல்லையாகிய 45 டிகிரிக்கு இறங்க 28 நிமிடம் ஆகும். நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் அடுக்கின் நடுக்கலமோ இன்னும் தாமதமாகவே ஆறும். தந்தையார் அலுவலிலிருந்து வந்து இறங்கியவுடனே மின்னேற்றும் கம்பியைச் செருகும் வழக்கமுடையார். தாளை இருமுறை படித்து, ஒன்றும் கூறாது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அன்றுதொட்டு எம் இல்லத்தில் நடைமுறை இது. வண்டி வந்தபின் ஒரு மணி நேரமேனும் நிழலில் ஆறும். நிறுவனத்தார் கொடுத்த மின்னேற்றியன்றி வேறொன்றும் அதனைத் தீண்டாது. அடிபட்டாலும், நீரில் மூழ்கினாலும், வீங்கினாலும், புதுநாற்றம் எழுந்தாலும் பயன்பாட்டை நிறுத்திப் பழுது பார்ப்போரிடம் காட்டுவது உறுதி. மின்னேற்றம் நாம் விழித்திருக்கும் மாலை வேளையில் நடைபெறும். வண்டி நிற்கும் இடம் கூடமன்று, மாடிப்படியின் அடியுமன்று, தீ நேரின் யாவரும் வெளியேறும் வாயில் அடைபடாதவாறு, பக்கத்துச் சந்தில் தகரக் கூரையிட்ட ஓரிடம். களவுக்கு அஞ்சித் தந்தையார் அங்கே ஓர் இரும்புச் சங்கிலியும் பூட்டும் அமைத்தார்.

கணக்கு ஒன்றும் அறியாத அன்னையார், இடத்தைப் பற்றிக் கூறியது முற்றும் சரியாயிற்று. வண்டியே வேண்டாம் என்று அவர் கூறியிருப்பின் அது மிகையாகும். அவர் அங்ஙனம் கூறவுமில்லை. சென்ற திங்கள் அவரே அதன் பின்னிருக்கையில் அமர்ந்து பேரூர்ச் சந்தைக்குச் சென்று வந்தார். திரும்பி வந்து இறங்கியதும், தந்தையார் கம்பியை எடுக்குமுன், கடிகாரத்தை நோக்கி, இன்னும் ஒரு மணி ஆகவில்லை என்றார்.